சிறைக்குச் சென்ற வியாபாரி தம்பி நாயுடு

உரிமைப் போராட்டம் என்பது வக்கீல்களும் பத்திரிகைக்காரர்களும் நடத்துவது. வியாபாரிக்கு அதில் வேலையில்லை. கேட்டு வருபவர்களுக்குச் சந்தா எழுதிக் கொடுத்தால் போதும் என்பது நம்மவர் பலருடைய எண்ணம். அமெரிக்காவில் மாண்ட்கோமரி நகரத்துக் கறுப்பின மக்கள் 1955-ஆம் ஆண்டு டிசம்பர் முதல் 381 நாட்கள் பஸ் ஏறாமல் இருந்து, வெள்ளையருக்கு முன் ஆசனம், கறுப்பருக்குப் பின் ஆசனம் என்ற விதியை ஒழித்த வரலாற்றை நாம் கேள்விப்பட்டிருக்கிறோம். அவர்களுடைய தலைவர் மார்ட்டின் லூதர் கிங் கைக்கொண்ட வழி காந்திஜியினுடையது. ஆனால் அந்த வழி பிறந்த இடம் இந்தியா அன்று. தென்னாப்பிரிக்காவில், கடைக்காரர்களும் தலைச்சுமை வியாபாரிகளும் கூடிய கூட்டத்திலேதான் அது பிறந்தது. அதன் முன்வரிசையில் நின்ற தமிழர் ஒருவரைப் பற்றி இங்கே எழுதுகிறோம்.

தம்பி நாயுடு 1875-ஆம் ஆண்டு மொரீஷியஸ் தீவில் பிறந்தவர். பெற்றோர் சென்னை மாகாணத்திலிருந்து அங்கே குடியேறியவர்கள். சிறு வயதிலேயே, 1889-இல், தென்னாப்பிரிக்கா வந்து சேர்ந்தார். பின்னர் ஜொஹானஸ்பர்க் நகரில் சரக்கு வியாபாரமும், மாட்டு வண்டி குதிரை வண்டிகளில் பாரம் ஏற்றி இறக்கும் குத்தகைத் தொழிலும் நடத்தி வந்தார். பள்ளிக்கூடப் படிப்பு அவருக்கு இல்லை என்றே சொல்லலாம். இங்கிலீஷும் தமிழும் பழக்கத்தினாலேயே கற்றார், ஹிந்துஸ்தானி பேசுவார், தெலுங்கு எழுத்துத் தெரியாவிட்டாலும் பேச்சுத் தெரியும். கடையில் நின்று நான்கு பாஷை கற்றவர்கள் நம்மிடையேயும் உண்டல்லவா? அந்த இனத்தைச் சேர்ந்தவர் அவர்.

டிரான்ஸ்வால் சர்க்கார் 1907-ஆம் ஆண்டு ஒரு சட்டம் கொண்டு வந்தது. ஆசியாக்காரர் ஒவ்வொருவரும் பத்து விரல் ரேகையும் பதித்துப் பதிவுச் சீட்டு வாங்க வேண்டும். போலீஸ்காரர் கேட்ட இடத்தில் காட்ட வேண்டும். சீட்டு இல்லாதவனுக்கு வியாபார லைசென்ஸ் கிடையாது. நாடு கடத்தவும் செய்யலாம். பத்து விரலும் பதிக்கச் சொல்வது அந்நாளில் குற்றவாளிகளைத்தான். இந்த அவமானம் நம் மலாயாவுக்கும் புதிதன்று. 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டப் பாட்டாளிகள் வேலை நிறுத்தம் செய்தபோது கூலி உயர்வு மட்டுமா கேட்டார்கள்? துரையைக் கண்டதும் சைக்கிளை விட்டு இறங்கி நிற்கும் வழக்கத்தை நீக்க வேண்டும் என்றும் கேட்டார்கள்.

இச்சட்டம் மசோதாவாக இருக்கும்போதே, 1906 செப்டம்பர் 11-இல் ஜொஹானஸ்பர்க்கில் கூடிய பெருங்கூட்டத்தில், இறைவனைச் சாட்சியாக வைத்து இதற்குப் பணிவதில்லை என்று உறுதி செய்தார்கள். அந்த உறுதிமொழியை முதலில் எடுத்துரைத்தவர் ஹாஜி ஹபீப் என்ற முஸ்லிம் வியாபாரி. சட்டம் நிறைவேறியபின் பதிவு ஆபீஸ் வாசலில் தொண்டர்கள் நின்று, உள்ளே போகிறவர்களிடம் வணக்கமாகப் பேசித் தடுத்தார்கள். ஜொஹானஸ்பர்க்கில் அத்தொண்டர்களுக்குத் தலைவர் தம்பி நாயுடு. சுமார் பதின்மூவாயிரம் இந்தியரில் கெடு முடிவதற்குள் பதிந்தவர் ஏறத்தாழ 500 பேரே!

1908 ஜனவரியில் காந்திஜியோடு தம்பி நாயுடுவும் சிறை புகுந்தார். சீனர்களின் தலைவர் லியுங் குவின் என்பவரும் உடன் இருந்தார். தாமாக முன்வந்து பதிவு செய்கிறோம், சட்டத்தை நீக்கிவிடுங்கள் என்று ஜெனரல் ஸ்மட்ஸின் சர்க்காருக்கு அனுப்பிய சமரசக் கடிதத்தில் கையெழுத்திட்டவர்கள் இம்மூவர். இந்தச் சமரசம் நம்மவர் சிலருக்குப் பிடிக்கவில்லை. பிப்ரவரி 10-இல் பதிவுக்குச் சென்ற காந்திஜியை மீர் ஆலம் என்ற பட்டாணியர் தடியால் அடித்து வீழ்த்தினார். குறுக்கே பாய்ந்து அடியைத் தாங்கியவர்கள் ஈஸப் மியானும் தம்பி நாயுடுவும்.

சர்க்கார் சட்டத்தை நீக்கவில்லை. ஆகவே 1908 ஆகஸ்டு 16-இல் ஹமீதியா பள்ளிவாசல் மைதானத்தில் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட பதிவுச் சீட்டுகளைக் கொப்பரையில் போட்டு, மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்தினார்கள்.

வியாபாரிகளுக்கு உண்மையான சோதனை அதன் பிறகுதான் வந்தது. சங்கத் தலைவராக வந்த ஜனாப் அஹ்மத் முஹம்மது கச்சாலியா சூரத்துப் பக்கத்து முஸ்லிம் வியாபாரி. வெள்ளைக்கார மொத்த வியாபாரிகளிடம் கடனுக்குச் சரக்கு எடுத்து விற்றவர். போராட்டத்தை விடு, இல்லையேல் பாக்கி முழுவதையும் உடனே கட்டு என்று அவர்கள் நெருக்கினார்கள். அவருடைய சரக்கும் வரவேண்டிய பற்றும் கடனைவிட அதிகம். எனினும் ஒரே நாளில் எந்த வியாபாரியால் கட்ட முடியும்? அவர் பணியவில்லை, 1909-இல் அவரை மஞ்சள் கடுதாசி கொடுக்கும் நிலைக்குத் தள்ளினார்கள். சொத்தை விற்றுக் கணக்குத் தீர்த்தபோது பவுனுக்கு இருபது ஷில்லிங்கும், அதாவது கடன் முழுவதும், அடைந்தது. திவாலான பெயரும் வந்தது, பாக்கியும் தீர்ந்தது. வியாபாரம் மட்டும் போயிற்று.

இதைக் கண்டு அஞ்சிச் சீட்டு வாங்கியவர்கள் பலர். அவர்களை நாம் இகழ மாட்டோம். கைமுதலும் குடும்பமும் உள்ளவன் படும் பாடு நமக்குத் தெரியும். ஆனால் மெய்யை மறைப்பதும் முறையாகாது: பெரிய வியாபாரிகளில் பெரும்பாலோர் விலகிய பின்னும் சிறைக்குப் போய்க் கொண்டிருந்தவர்களில் மிகப்பலர் ஏழைத் தமிழர்கள். அவர்களைத் திரட்டி நிறுத்தியவர் தம்பி நாயுடு. பத்து முறைக்கு மேல் அவரே சிறை சென்றார். அவருடைய வண்டித் தொழில் அழிந்தது. 1908-இல் அவர் சிறையிலிருக்கையில் அவர் மனைவி வீரம்மாள் பெற்ற குழந்தை உயிரற்றுப் பிறந்தது. இந்த நஷ்டத்தை எந்தப் பேரேட்டில் எழுதுவது?

அவரிடம் குறை இல்லாமலில்லை. முன்கோபி. அந்தக் கோபம் மட்டும் இல்லாதிருந்தால் கச்சாலியா இல்லாத காலத்தில் டிரான்ஸ்வால் இந்தியருக்கு அவரே தலைவராகியிருப்பார் என்ற கருத்தைக் காந்திஜி தம் நூலில் எழுதியிருக்கிறார்.

1913 மார்ச்சில் கேப் நீதிமன்றத்தில் நீதிபதி ஸெர்ல் ஒரு தீர்ப்புக் கூறினார். கிறிஸ்தவ முறைப்படி நடக்காத, பதிவும் பெறாத திருமணம் அங்கே செல்லாது என்று அதனால் ஏற்பட்டது. நிக்காஹ் செய்து வாழ்ந்த மனைவி மனைவியல்ல, பிள்ளைகள் வாரிசல்ல! அந்த வழக்கே ஒரு முஸ்லிம் பெண்மணியைப் பற்றியது. இதனோடு, ஒப்பந்தக் கூலியாக வந்து தவணை முடிந்தபின் நேட்டாலில் தங்குவோர் ஆண்டுக்கு மூன்று பவுன் வரி கட்ட வேண்டும் என்ற கொடுமையும் சேர்ந்தது.

இம்முறை பெண்களும் புறப்பட்டார்கள். பதினொரு பெண்கள், பெரும்பாலோர் தமிழர், வீரம்மாளும் அவர்களில் ஒருவர். தம்பி நாயுடு துணையாக நியூகாசில் நகரத்து நிலக்கரிச் சுரங்கங்களுக்குச் சென்று, தொழிலாளரிடம் மூன்று பவுன் வரியைப் பற்றித் தமிழில் பேசினார்கள். அக்டோபர் மத்தியில் வேலை நின்றது. பெண்களுக்கு மூன்று மாதக் கடுங்காவல். நவம்பர் 6-இல் காந்திஜியின் பின்னே 2,037 ஆண்களும் 127 பெண்களும் 57 குழந்தைகளும் டிரான்ஸ்வால் எல்லையை நோக்கி நடந்தார்கள். 1914-இல் வந்த சட்டம் மூன்று பவுன் வரியை எடுத்தது. நம் திருமணங்களையும் ஒப்புக்கொண்டது.

காந்திஜி அவ்வாண்டு நாட்டை விட்டுப் புறப்படுகையில், தம்பி நாயுடு தம் புதல்வர் நால்வரை அவரிடம் ஒப்படைத்தார். கையில் வேறென்ன மீதியிருந்தது?

காந்திஜி போன பின்னரும் அவர் ஜொஹானஸ்பர்க்கிலேயே இருந்து, தமிழர் சங்கத்திலும் இந்தியர் காங்கிரஸிலும் பாடுபட்டு, 1933-இல் காலமானார். அவர் காலத்துப் போராட்டம் இந்தியருக்காக இந்தியர் நடத்தியது. அந்நாட்டு ஆப்பிரிக்கர் அதில் சேர்க்கப்படவில்லை என்பது பெருங்குறை. அக்குறை அடுத்த தலைமுறையில் நீங்கிற்று. 1952-இல் ஆப்பிரிக்கரும் இந்தியரும் சேர்ந்து நிறவெறிச் சட்டங்களை மீறி எண்ணாயிரத்துக்கு மேற்பட்டோர் சிறை சென்றனர். அந்த இயக்கத்தின் கூட்டுச் செயலாளர் இருவரில் ஒருவர் வால்டர் சிசுலு. மற்றவர் கச்சாலியாவின் மகன் யூசுப். தம்பி நாயுடுவின் மகன் நாராணசாமியும் சிறை சென்றார். பேத்தி சாந்தி 1969-இல் தனிமைக் காவலில் வைக்கப்பட்டும் தோழர்களுக்கு எதிராகச் சாட்சி சொல்ல மறுத்தார். பேரன் இந்திரஸ் ராபன் தீவுச் சிறையில் பத்து ஆண்டுகள் கழித்து 1973-இல் வெளிவந்தார். பாட்டனார் 1908-இல் அடைபட்டிருந்த ஜொஹானஸ்பர்க் கோட்டைச் சிறையின் வளாகத்தில்தான் இப்போது தென்னாப்பிரிக்காவின் அரசியல் சாசன நீதிமன்றம் நடைபெறுகிறது.