முட்காட்டில் வாழ்ந்த குணங்குடியார்

கடலோரச் சிற்றூர்களின் நாட்டார் பாடல்களில் பனையும் அலையும் வெறும் வருணனைக்காக வருவன அல்ல. உவர்நிலத்தில் வேரூன்றி நிற்கும் பனையைப் பாடுகின்றவர் தாம் தாங்கி நிற்கும் துயரையே பாடுகிறார். அத்தகைய மண்ணிலே தோன்றி, இயற்கையை உவமையாகக் கொண்டதோடு அமையாது, அதனையே உறைவிடமாகவும் கொண்டவர் குணங்குடி மஸ்தான் சாகிபு.

தொண்டியை அடுத்த குணங்குடியில் 1792-ஆம் ஆண்டு பிறந்த இவருக்குப் பெற்றோர் இட்ட பெயர் சுல்தான் அப்துல் காதிர். கீழக்கரைத் தைக்கா சாகிபிடம் சமயக் கல்வி பயின்றார். பதினேழாம் வயதில் முறைப்பெண்ணை மணமுடிக்கப் பெரியோர் முற்பட்டபோது, இல்லறத்தை மறுத்து வெளியேறினார். திரிசிரபுரத்து மௌலவி ஷாம் சாகிபிடம் தீட்சை பெற்றுக் காதிரிய்யா ஞானநெறியில் நின்றார்.

அதன்பின் அவர் வாழ்வு மலையும் காடுமாகவே கழிந்தது. திருப்பரங்குன்றத்துச் சிக்கந்தர் மலையில் நாற்பது நாள் தனித்திருந்து நோற்றார். தொண்டிப் பகுதிக்கு மீண்டபோதும் வீட்டில் தங்காது வாழைத்தோப்பிலே சில திங்கள் இருந்தார் என்பர். கனியும் கிழங்கும் சருகுமே உணவாகப் பல மலைகளில் அலைந்தார் என்று அவர் வரலாறு கூறும். குப்பைமேட்டிலும் கிடந்த அவரைப் பித்தர் என்றனர் மக்கள். இறைக்காதலில் வெறியுற்றவரைக் குறிக்கும் மஸ்தான் என்ற சொல்லே பின்னர் அவர் பெயராயிற்று.

நிறைவாகச் சென்னை இராயபுரத்தில், பாவா லெப்பை என்பாருக்குரிய, முட்புதர் மண்டிய காட்டில் குடிபுகுந்தார். அம்முட்காட்டைத் தேடி இரு சமயத்தாரும் வந்தனர். அய்யாசாமி முதலியார் அவர்தம் மாணாக்கர். திருத்தணிகைச் சரவணப்பெருமாள் ஐயர் அவர்மீது நான்மணிமாலை பாடினார். இவரைச் சித்தர் என்பதா, சூபி என்பதா என்று இன்று வழக்காடுவோர் இதனைச் சற்றே எண்ணிப் பார்க்கலாம்.

அவர் கண்ணிகளுக்கு முன்னோடி தாயுமானவர். அப்பெருமானின் சமாதியும் இராமநாதபுரத்திலேயே இருப்பது நம் சீமைக்கு வாய்த்த பேறு. தாயுமானவர் பைங்கிளியை விளித்துப் பாடியது, கிளியையும் குயிலையும் தூதுவிடும் நாட்டுப்புறப் பெண்களின் மரபேயன்றி வேறன்று. குணங்குடியாரோ இறைவனையே மனோன்மணி என்னும் காதலியாக்கி உருகினார். பிறவியைக் கடலாகக் காண்பது பழைய உவமைதான். ஆயினும் கரைவிட்டுச் சென்றவன் திரும்புவானோ என்று காத்திருக்கும் கடற்கரையில் பிறந்தவர் வாயிலிருந்து வரும்போது அது பழகிய ஏட்டு உவமையாகத் தோன்றுவதில்லை. ஈரடிக் கண்ணி எழுத்தறியாதார் நாவிலும் எளிதில் தங்குவது. அதனாலன்றோ தாயிரா கொட்டி வரும் பக்கீர்கள் தெருத்தெருவாக அவர் பாடல்களைப் பாடிப் பரப்பினர்!

தொண்டியார் தங்கியதால் தண்டையார்பேட்டை என்னும் பெயர் வந்தது என நம்மவர் பெருமிதத்தோடு சொல்வதுண்டு. அவ்வூரை 1693-லேயே கிழக்கிந்தியக் கம்பெனியார் பெற்றுவிட்டனர். இவர் பிறந்ததோ ஏறத்தாழ நூறாண்டு கழித்து. ஆகவே இக்கதையை நாம் விட்டுவிடுதலே நேர்மை. ஊர்ப்பெயரின் துணை அவர் புகழுக்கு வேண்டுவதில்லை.

1838-இல், ஐம்பது வயதைக் காணாமலே அவர் மறைந்தார். முட்காடாயிருந்த அந்த இராயபுரத்திலேயே அடக்கமானார்.