எரிக் லிடெல்: ஞாயிற்றுக்கிழமை ஓட மறுத்தவர், ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில் நின்றது ஏன்?

ஒலிம்பிக்கில் 100 மீட்டர் ஓட்டம். பதக்கம் கிடைக்க நல்ல வாய்ப்பு. ஆனால், தகுதிச் சுற்று ஞாயிற்றுக்கிழமை நடக்கிறது என்பதற்காக ஒரு வீரர் விலகுகிறார். 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் நிஜமாகவே இது நடந்தது. விலகியவர் ஸ்காட்லாந்து வீரர் எரிக் லிடெல்.

இந்தக் கதையை வைத்து 1981-ல் வந்த 'சாரியட்ஸ் ஆஃப் ஃபயர்' சிறந்த படத்துக்கான ஆஸ்கர் வாங்கியது. அதனால் லிடெல் என்றாலே பலருக்கும் அந்த ஒரு ஞாயிறுதான் ஞாபகம் வரும். ஆனால், அதே மனிதர் சுமார் 20 வருடம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை தானே மைதானத்துக்குப் போய் நின்றார். அப்போ கொள்கையை விட்டுட்டாரா? அது புரியணும்னா, பதக்கத்துக்குப் பிறகு அவர் வாழ்ந்த வாழ்க்கையையும் பார்க்கணும்.

யார் இந்த லிடெல்?

1902-ல் சீனாவின் தியான்ஜின் நகரில் பிறந்தவர். பெற்றோர் ஸ்காட்லாந்திலிருந்து அங்கே போன மிஷனரிகள். ஆறு வயதிலேயே, அண்ணனோடு சேர்த்து, மிஷனரிகளின் பிள்ளைகளுக்காக லண்டனில் நடந்த விடுதிப் பள்ளியில் விடப்பட்டார். பிறகு எடின்பரோ பல்கலைக்கழகத்தில் அறிவியல் படிப்பு. ஸ்காட்லாந்து ரக்பி அணியிலும் ஆடினார்.

தலையைப் பின்னால் சாய்த்து, கைகளைத் தாறுமாறாக வீசி ஓடுவார். பயிற்சியாளர்கள் தலையில் அடித்துக்கொள்ளும் ஸ்டைல். ஆனால் வேகம் அசுரத்தனம். 1923-ல் ஒரு 440 கெஜம் பந்தயத்தில் தொடக்கத்திலேயே இடிபட்டுக் கீழே விழுந்தார். எழுந்து பார்த்தால் மற்றவர்கள் ரொம்ப தூரம் போய்விட்டார்கள். துரத்திப் பிடித்து ஜெயித்தார்.

ஞாயிற்றுக்கிழமை ஓடினால் என்ன?

பைபிளின் பத்துக் கட்டளைகளில் ஓய்வுநாளைப் பரிசுத்தமாகக் கடைப்பிடிக்கச் சொல்லும் கட்டளையும் ஒன்று. லிடெல் வளர்ந்த ஸ்காட்லாந்து கிறிஸ்தவக் குடும்பங்களில் ஞாயிறு என்றால் ஆராதனை, ஓய்வு, விளையாட்டு கிடையாது.

கப்பல் ஏறும் நேரத்தில்தான் அவருக்கு விஷயம் தெரிந்ததாகப் படத்தில் காட்டுவார்கள். உண்மையில் பல மாதங்களுக்கு முன்பே போட்டி அட்டவணை தெரிந்திருந்தது. அவரும் அப்போதே முடிவைச் சொல்லிவிட்டார். நாட்டின் கௌரவத்தைவிட இது பெரிசா என்று விமர்சனம் கிளம்பியது. அவர் யாரோடும் சண்டைக்குப் போகவில்லை. மற்ற வீரர்கள் ஞாயிற்றுக்கிழமை ஓடக் கூடாது என்றும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை வந்த இரண்டு தொடர் ஓட்டங்களிலிருந்தும் விலகிக்கொண்டு, 200, 400 மீட்டருக்குத் தயாரானார்.

ஜூலை 6, ஞாயிறு. 100 மீட்டர் தகுதிச் சுற்று நடந்த அன்று லிடெல் பாரிஸில் உள்ள ஸ்காட்லாந்து திருச்சபையில் இருந்தார். அந்தப் போட்டியில் தங்கம் வென்றவர் இன்னொரு பிரிட்டன் வீரர், ஹரால்ட் ஆபிரகாம்ஸ். லிடெலுக்கு 200 மீட்டரில் வெண்கலம் கிடைத்தது. ஜூலை 11 அன்று 400 மீட்டர் இறுதிப் போட்டியில், யாரும் பெரிதாக எதிர்பார்க்காத நிலையில், 47.6 விநாடியில் ஓடி உலக சாதனையோடு தங்கம் வென்றார்.

தங்கம் வாங்கியபின் என்ன செய்தார்?

அடுத்த வருடமே சீனாவுக்குக் கிளம்பிவிட்டார். வயது 23. பேரும் புகழும் உச்சத்தில் இருந்த நேரம். தியான்ஜினில் ஒரு பள்ளியில் அறிவியல் ஆசிரியர் வேலை, கூடவே விளையாட்டுப் பயிற்சி. 1934-ல் ஃபுளோரன்ஸைத் திருமணம் செய்துகொண்டார். 1937-ல் ஜப்பான், சீனா மீது முழு அளவில் போர் தொடுத்த பிறகு, நகரத்துப் பள்ளி வேலையை விட்டு சியாவ்சாங் என்ற கிராமப்புறப் பகுதிக்குப் போனார். அண்ணன் அங்கே மருத்துவர். போரில் காயம்பட்டவர்களை ஜப்பானியப் படைகள் நடமாடும் பாதைகள் வழியாக வண்டியில் ஏற்றி மருத்துவமனைக்குக் கொண்டுவந்தார்.

1941-ல் நிலைமை மோசமானதும், கர்ப்பிணியாக இருந்த மனைவியையும் இரண்டு மகள்களையும் கனடாவுக்கு அனுப்பினார். வேலை பாக்கி இருக்கிறது என்று அவர் மட்டும் அங்கேயே தங்கினார். மூன்றாவது மகள் டொரன்டோவில் பிறந்தாள். அந்தக் குழந்தையை அவர் கடைசிவரை பார்க்கவே இல்லை. கொள்கைக்குக் கொடுத்த விலை என்று 100 மீட்டர் பதக்கத்தைச் சொல்வார்கள். அதைவிடப் பெரிய விலை இதுதான். அதை அவரோடு சேர்ந்து அவர் குடும்பமும் கொடுத்தது.

முகாமில் நடந்தது என்ன?

1943-ல் ஜப்பானியர்கள் லிடெலை வெய்ஷியன் முகாமில் (இன்றைய வெய்ஃபாங்) அடைத்தார்கள். மதில் சூழ்ந்த ஒரு வளாகத்துக்குள் 1,500 பேருக்கு மேல். சாப்பாடு பற்றாக்குறை, குளிர், நாற்றம் அடிக்கும் கழிப்பறைகள், ஆளாளுக்குச் சண்டை. ஒலிம்பிக் சாம்பியன் அங்கே தண்ணீர் சுமந்தார், பிள்ளைகளுக்குக் கணக்கும் அறிவியலும் சொல்லிக்கொடுத்தார், உடைந்த ஹாக்கி மட்டைகளைக் கட்டிச் சரிசெய்தார். பொழுது விடியுமுன் கடலை எண்ணெய் விளக்கில் பைபிள் வாசித்து, அன்றைக்குச் செய்யவேண்டியதை யோசித்துவிட்டுத்தான் வெளியே வருவார். பெற்றோரைப் பிரிந்து வந்திருந்த பள்ளிப் பிள்ளைகளுக்கு அவர் எரிக் அங்கிள்.

பிள்ளைகளுக்கு விளையாட்டு ஏற்பாடு செய்ததும் அவர்தான். ஆனால் ஞாயிற்றுக்கிழமை மட்டும் கிடையாது. ஒரு ஞாயிறு, பிள்ளைகளே ஹாக்கி ஆட ஆரம்பித்தார்கள். நடுவர் இல்லை; ஆட்டம் அடிதடியில் முடிந்தது. அடுத்த ஞாயிறு லிடெல் மைதானத்துக்கு வந்து நடுவராக நின்றார்.

தங்கத்துக்காக உடைக்காத விதியை, அடித்துக்கொண்ட சில பிள்ளைகளுக்காகத் தளர்த்தினார். மேலோட்டமாகப் பார்த்தால் இரண்டும் முரண்தான். ஆனால் பாரிஸில் ஓடியிருந்தால் லாபம் அவருக்கு. முகாமில் ஒதுங்கியிருந்தால் நஷ்டம் பிள்ளைகளுக்கு. தன் ஆசைக்குக் குறுக்கே வந்தபோது விதியைப் பிடித்துக்கொண்டார். அடுத்தவர் தேவைக்குக் குறுக்கே வந்தபோது விட்டுக்கொடுத்தார். தினப்படி வாழ்க்கையில் நம்மில் பலர் செய்வது இதற்கு நேர் எதிர்: விதிவிலக்கு நமக்கு, விதி மற்றவருக்கு.

என்ன மிச்சம் வைத்துவிட்டுப் போனார்?

விடாத தலைவலி. வேலைப் பளுவும் மன அழுத்தமும்தான் காரணம் என்று நினைத்தார்கள். உண்மையில் மூளையில் கட்டி. 1945 பிப்ரவரி 21 அன்று, 43 வயதில், முகாமிலேயே இறந்தார். ஆறு மாதத்தில், ஆகஸ்ட் 17 அன்று முகாம் விடுவிக்கப்பட்டது.

சாவதற்குச் சில வாரங்களுக்கு முன், காலில் போட ஒன்றும் இல்லாமல் குளிரில் நடந்த ஒரு மாணவனுக்குத் தன் ஓட்டக் காலணிகளைக் கொடுத்திருந்தார். தேய்ந்துபோய், நூலால் கட்டித் தைத்த பழைய ஜோடி. சிறை வைத்த ஜப்பானியர்களை வெறுக்காமல் அவர்களுக்காக ஜெபம் பண்ணவும் அந்த மாணவனுக்குச் சொல்லிக்கொடுத்தது அவர்தான். போர் முடிந்து சில வருடங்களில், அந்த மாணவன் மிஷனரியாகக் கிளம்பிப் போனான். போன இடம் ஜப்பான்.