கிளாரா ஹாஸ்கில்

ருமேனிய நாட்டின் புகாரெஸ்ட் நகரில் 1895-ஆம் ஆண்டு பிறந்த கிளாரா, 15 வயதிலேயே பாரிஸ் இசைக் கல்லூரியில் பியானோவுக்கு முதற்பரிசு பெற்றார். ஆனால் முதுகெலும்பு வளைந்ததால் ஆண்டுக்கணக்கில் மாவுக்கட்டில் கிடந்தார்.

யூதரான அவர் இரண்டாம் உலகப் போரின்போது பாரிஸிலிருந்து தப்பினார். 1942-இல் மார்சேயில், பார்வை நரம்பை அழுத்திய கட்டிக்கு அறுவை சிகிச்சை நடந்தது. பின்பு சுவிட்சர்லாந்தில் அடைக்கலம் புகுந்தார்.

50 வயதுக்குப் பிறகே பெரும்புகழ் வந்தது. 1950-இல் பிரான்ஸின் பிராட் என்னும் சிற்றூரில் பாப்லோ கசல்ஸ் நடத்திய இசைவிழாவில் வாசித்தார். வயலின் கலைஞர் ஆர்தர் குருமியோவுடன் மொசார்ட், பீத்தோவன் சொனாட்டாக்களை வாசித்து உலகை மகிழ்வித்தார். அவருடன் வாசிக்க வந்த இடத்தில், பிரஸ்ஸல்ஸ் ரயில் நிலையப் படிகளில் விழுந்து, 1960 டிசம்பர் 7-இல் மறைந்தார்.

தோழியரே, வெற்றி தாமதித்தாலும் பயிற்சியை நாம் கைவிடலாகாது!