கச்சா எண்ணெயும் மெண்டலீஃபும்

நம் கல்லூரி கெமிஸ்ட்ரி லேபில் தொங்கிய தனிம வரிசை அட்டவணையை யாரும் மறந்திருக்க முடியாது. வைவாவில் மாட்டிக்கொண்டு அதை அண்ணாந்து பார்த்தவர்கள் நம்மில் பாதிப் பேராவது இருப்போம். 1869-ல் அதைத் தந்த திமித்ரி மெண்டலீஃப், பல வருஷம் கச்சா எண்ணெயோடும் மல்லுக்கட்டியவர் என்பது ரிஃபைனரி வேலைக்குப் போன பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

1834-ல் சைபீரியாவின் தொபோல்ஸ்க் நகரில் பிறந்தார். பெரிய குடும்பத்தின் கடைக்குட்டி. அப்பாவுக்குப் பார்வை போய்விட, அம்மா மரியா கண்ணாடித் தொழிற்சாலை நடத்திக் குடும்பத்தைக் காப்பாற்றினார். 1847-ல் அப்பா காலமானார். அடுத்த வருஷம் தொழிற்சாலையும் தீயில் போயிற்று. பையன் படிக்கணும் என்ற ஒரே வைராக்கியத்தில், அந்தம்மா ஆயிரம் மைலுக்கு மேல் பயணம் செய்து மாஸ்கோ போனார். அங்கே இடம் கிடைக்கவில்லை. 1850-ல் பீட்டர்ஸ்பர்க்கில் சேர்த்துவிட்டு, அதே வருஷம் கண்ணை மூடினார்.

1863-ல், 29 வயசில், கொக்கொரெவ் என்ற தொழிலதிபர் அழைத்ததால் காஸ்பியன் கடலோர பாக்கு நகருக்குப் போனார். அங்கே எண்ணெயைத் தோல் பைகளில் ஊற்றி வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். கிணற்றிலிருந்து ஆலைக்குக் குழாய் போடுங்கள், கடலில் தொட்டிக் கப்பல் விடுங்கள் என்று யோசனை சொன்னார். இன்று நமக்கு இது சாதாரணம். அன்றைக்கு அப்படி இல்லை.

1876-ல் அமெரிக்கா போய் பென்சில்வேனியா எண்ணெய்க் கிணறுகளைப் பார்த்தார். அந்த எண்ணெயில் பாதிக்கு மேல் கெரசின் இறங்கியது. பாக்கு எண்ணெயில் மூன்றில் ஒரு பங்கு வந்தால் அதிகம். ஏன்? கச்சா எண்ணெய் ஒரே பொருள் அல்ல, ஆயிரக்கணக்கான ஹைட்ரோகார்பன்களின் கலவை. எடையில் கார்பன் 83 முதல் 87 சதவீதம், ஹைட்ரஜன் 10 முதல் 14 சதவீதம். மிச்சம் கந்தகம், நைட்ரஜன், ஆக்சிஜன், துளி நிக்கல், வனேடியம். எந்த ஊர் எண்ணெயானாலும் கணக்கு ஏறக்குறைய இதுதான். கார்பன்கள் கைகோத்து நிற்கும் விதம்தான் ஊருக்கு ஊர் மாறும். பென்சில்வேனியாவில் பாரஃபின் சங்கிலிகள் அதிகம். பாக்குவில் வளையங்கள் அதிகம். அந்த வளையங்களை ஆராய்ந்து, 1880-களில் நாஃப்தீன் என்று பெயர் வைத்தவர்களில் ஒருவர், நாம் பரீட்சைக்கு உருப்போட்ட விதியின் சொந்தக்காரர் மார்க்கோவ்னிக்கோவ்!

கெரசின் எடுத்தபின் மிஞ்சும் கனமான கசடைக் கொதிகலனில் போட்டு எரித்தார்கள். மெண்டலீஃபுக்கு அது பொறுக்கவில்லை. பாக்குவின் கசடில் குளிரிலும் உறையாத நல்ல மசகு எண்ணெய் இருக்கிறது, பிரித்தெடுங்கள் என்று வருஷக்கணக்கில் வாதாடினார். வெறுமனே எரிப்பதற்கு நிலக்கரி போதும் என்பது அவர் கட்சி.

அவரும் சறுக்கியிருக்கிறார். பூமிக்குள் இரும்புக் கார்பைடில் தண்ணீர் பட்டு எண்ணெய் பிறக்கிறது என்று 1877-ல் ஒரு கொள்கை சொன்னார். 1934-ல் ஆல்ஃபிரெட் டிரைப்ஸ் என்ற ஜெர்மானியர், பச்சையத்தின் உறவினமான போர்ஃபிரின்களை எண்ணெயில் கண்டுபிடித்தார். ஆக, எண்ணெயின் மூதாதை கடலில் மிதந்த நுண்ணுயிர்கள்தான். கொள்கை போயிற்று, கசடு பற்றிச் சொன்னது நின்றது.

1890-ல் மாணவர்கள் கிளர்ச்சி. அவர்கள் எழுதிய மனுவைத் தானே எடுத்துக்கொண்டு அமைச்சரிடம் போனார். அமைச்சர் அதைத் திருப்பி அனுப்பிவிட்டார். பல்கலைக்கழக வேலையையே விட்டு வெளியேறினார். உலகப் புகழ் பெற்ற பேராசிரியர், தன் பையன்களின் ஒரு காகிதத்துக்காக! பிறகு எடை, அளவு அலுவலகத்தில் வேலை பார்த்து, 1907-ல் மறைந்தார்.

நான் வேலை பார்க்கும் இடத்தில் கனமான மிச்சத்தை ஃபர்னஸுக்கு அனுப்பலாமா, இன்னொரு யூனிட்டுக்கு அனுப்பிப் பிரிக்கலாமா என்ற கேள்வி அடிக்கடி வரும். ஃபர்னஸ்தான் சுலபம். பிரிப்பதற்குச் செலவும் உழைப்பும் வேண்டும். அப்போதெல்லாம் அந்தத் தாடிக்காரர் ஞாபகம் வரும். கூடவே, ஹாஸ்டல் பிரச்சினையில் நமக்காகப் பேசப்போன நம் வாத்தியார்களும்.

ஜூனியர் தம்பி, தங்கைகளே, அடுத்த வைவாவில் அண்ணாந்து பார்க்கும்போது அவருக்கு ஒரு வணக்கம் போடுங்கள். பதில் வருமா என்பது நீங்கள் படித்ததைப் பொறுத்தது!