மண் ஓட்டைப் படித்த தொழிலாளி

2024-ம் ஆண்டு நவம்பர் 30-ந் தேதி இரவு. பெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. திண்டிவனத்தை அடுத்த மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை கொட்டித் தீர்த்தது. விழுப்புரத்தில் தெருக்களில் வெள்ளம் ஓடியது. அந்த மழையைப் பற்றி இந்தப் பக்கத்துப் பாட்டிமார்கள் இன்னும் பல வருஷம் பேரப் பிள்ளைகளுக்குக் கதை சொல்லுவார்கள்.

வெள்ளத்தைக் கண்டவன் அதைச் சொல்லாமல் இருப்பானா? உலகில் எழுதி வைக்கப்பட்ட மிகப் பழைய வெள்ளக் கதைகளில் ஒன்று, ஒரு களிமண் ஓட்டில் கிடைத்தது. அதைக் கண்டுபிடித்துப் படித்தவர் பெரிய படிப்புப் படித்தவர் அல்ல. 14 வயதிலேயே வேலைக்குப் போன தொழிலாளி. அவர் பெயர் ஜார்ஜ் ஸ்மித்.

சாப்பாட்டு வேளையில் படிப்பு

ஸ்மித் 1840-ம் ஆண்டு மார்ச் 26-ந் தேதி லண்டனில் பிறந்தார். ஏழைக் குடும்பம். பள்ளிக்கூடம் 14 வயதோடு முடிந்தது. பாங்க் நோட்டு அச்சடிப்பதற்குத் தகடு செதுக்கும் கம்பெனியில் தொழில் பழகச் சேர்ந்தார்.

கூட வேலை செய்தவர்கள் மத்தியான இடைவேளையில் சாப்பிட்டு இளைப்பாறுவார்கள். ஸ்மித் பிரிட்டிஷ் மியூசியத்துக்கு ஓடுவார். அங்கே ஈராக் நாட்டு நினிவே நகரத்தில் தோண்டி எடுத்த களிமண் ஓடுகள் ஆயிரக்கணக்கில் இருந்தன. எல்லாவற்றிலும் ஆப்பு ஆப்பாக எழுத்து.

ஏன் களிமண்ணில் எழுதினார்கள்? விழுப்புரத்திலிருந்து செஞ்சி போகிற வழியில் மண்டகப்பட்டு இருக்கிறது. அங்கே மகேந்திரவர்ம பல்லவன் பாறையைக் குடைந்து கோவில் கட்டி, செங்கல்லும் மரமும் உலோகமும் சுண்ணாம்பும் இல்லாமல் கட்டிய செய்தியைக் கல்லிலேயே வெட்டி வைத்தான். நமக்குக் கல் இருந்தது. தெற்கு ஈராக்கிலோ இரண்டு ஆறுகள் கொண்டு வந்து கொட்டிய வண்டல்தான். கல் அருமை. ஆகவே ஈரக் களிமண்ணைத் தட்டி, நாணல் குச்சியால் அழுத்தி எழுதினார்கள். குச்சி பதிந்த இடம் ஆப்பு மாதிரி விழுந்தது. வடக்கே நினிவேயில் இருந்தவர்களும் அதே எழுத்தைப் பின்பற்றினார்கள்.

நினிவேயில் அசூர்பானிபால் என்ற அரசன் பெரிய நூல்நிலையம் வைத்திருந்தான். கி.மு. 612-ல் எதிரிகள் நகரத்துக்குத் தீ வைத்தார்கள். காகிதமாக இருந்தால் சாம்பலாகியிருக்கும். களிமண்ணோ சூளையில் வைத்த செங்கல் போல வெந்து கெட்டியாகிவிட்டது! எதிரி வைத்த தீயே பல ஓடுகளைக் காப்பாற்றியது.

அந்த எழுத்தின் மர்மத்தை அவிழ்த்தவர்களில் முக்கியமானவர் ராலின்சன். இவர் இந்தியாவில் கம்பெனிப் பட்டாளத்தில் சேவை செய்தவர். மத்தியான வேளையில் வந்து போகும் இந்த இளைஞரைப் பற்றி மியூசியத்தார் அவரிடம் சொன்னார்கள். பொடிப் பொடியாகக் கோடு செதுக்கிப் பழகிய கண், உடைந்த ஓடுகளைப் பொருத்திப் பார்ப்பதில் பண்டிதர்களையும் மிஞ்சியது. 1867-ல் ஸ்மித்துக்கு மியூசியத்திலேயே வேலை கிடைத்தது.

சுண்ணாம்பு மூடிய ஓடு

1872-ம் ஆண்டு. ஒரு ஓட்டில், கப்பல் ஒன்று மலைமேல் தட்டி நின்றதாக ஒரு வரி. அதற்கு அப்புறம் ஒரு புறாவை வெளியே விட்டதாக ஒரு வரி. மிச்சத்தைச் சுண்ணாம்பு போன்ற படலம் மூடியிருந்தது. அதைச் சுத்தம் செய்யத் தெரிந்த ஆளோ வெளியூர் போயிருந்தார். ஸ்மித் தவியாய்த் தவித்தார்.

அவர் திரும்பி வந்து ஓட்டைத் துலக்கிக் கொடுத்தார். ஸ்மித் படித்தார். மகிழ்ச்சி தாங்காமல் அறைக்குள் அங்கும் இங்கும் ஓடினாராம். மேல்சட்டையைக் கூடக் கழற்றத் தொடங்கிவிட்டாராம். பின்னால் அங்கே வேலைக்கு வந்த ஓர் அறிஞர் இப்படி எழுதியிருக்கிறார். கொஞ்சம் கூட்டிச் சொல்லியிருந்தாலும் இருக்கலாம்!

கதை இதுதான். தேவர்கள் உலகை வெள்ளத்தால் அழிக்க முடிவு செய்கிறார்கள். ஒரு தேவன் மட்டும் ஊத்னபிஷ்டிம் என்ற மனிதனுக்கு இரகசியமாகத் தகவல் கொடுக்கிறான். அவன் வீட்டைப் பிரித்துக் கப்பல் கட்டி, சொந்தபந்தங்களையும் மிருகங்களையும் ஏற்றிக்கொள்கிறான். ஆறு பகல், ஏழு இரவு பேய் மழை. தண்ணீர் வடிந்ததா என்று பார்க்கப் புறாவை விடுகிறான், திரும்பி வருகிறது. தகைவிலானை விடுகிறான், அதுவும் வருகிறது. காக்கையை விடுகிறான். அது வரவில்லை!

பைபிளில் வரும் நோவாவின் கதை போலவே இருந்ததால் இங்கிலாந்தே பரபரப்படைந்தது. (மீன் வந்து மனுவை வெள்ளத்திலிருந்து காப்பாற்றிய கதை நம் நாட்டில் உண்டு.) டிசம்பர் 3-ந் தேதி ஸ்மித் கூட்டத்தில் கதையைப் படித்தபோது பிரதம மந்திரி கிளாட்ஸ்டன் வந்து கேட்டார்.

ஓட்டில் சில வரிகள் உடைந்து போயிருந்தன. அதைத் தேடி வர, "டெய்லி டெலிகிராப்" பத்திரிகை 1,000 கினி கொடுத்தது. பத்திரிகையில் அதற்கு முன்னின்றவர் எட்வின் ஆர்னால்டு. கவிமணி தமிழில் தந்த "ஆசிய ஜோதி"க்கு மூல நூலை எழுதியவர் இவரே. 1873 மே மாதம் ஸ்மித் நினிவேயில் மண்ணைக் கிளறி ஒரு துண்டைக் கண்டெடுத்தார். காணாமல் போன வரிகள் என்றே நம்பினார். அது வேறொரு வெள்ளக் கதையின் துண்டு என்பது பிற்காலத்தில்தான் தெரிந்தது. பத்திரிகைக்காரர்களோ, தேடியது கிடைத்துவிட்டது, திரும்பி வரலாம் என்று வேலையை முடித்துவிட்டார்கள்.

கடைசிப் பயணம்

1876-ல் மூன்றாம் முறை புறப்பட்டார். வீட்டில் மனைவியும் சிறு குழந்தைகளும். போன இடத்தில் கொள்ளை நோய், கடுமையான கோடை. தோண்ட முடியவில்லை. வெறுங்கையோடு திரும்பும் வழியில் வயிற்றுக் கடுப்பு கண்டது. சிரியா நாட்டு அலெப்போ நகரில் ஆகஸ்டு 19-ந் தேதி ஸ்மித் காலமானார். வயது 36.

அவருடைய மனைவி மக்களுக்கு விக்டோரியா மகாராணி ஆண்டுக்கு 150 பவுன் உதவிப் பணம் அளித்தார். ஸ்மித் படித்த ஓடு இன்றும் லண்டன் மியூசியத்தில் இருக்கிறது. அதன் உயரம் ஒரு சாண்கூட இல்லை.