ராமசாமி படையாட்சியார்: கடலூரில் தொடங்கி திண்டிவனத்தில் முடிந்த தேர்தல் பயணம்

மலருக்கு நம்ம வட்டாரத்துப் பெரியவர் ஒருவரைப் பற்றி எழுதித் தரணும் என்று சங்கச் செயலாளர் கேட்டதும் எனக்கு முதலில் தோன்றிய பெயர் திரு ஆ. கோவிந்தசாமி. திண்டிவனம் அரசு கலைக் கல்லூரிக்கே அவர் பெயர்தானே. ஆனால் அவர் கதையை எங்கே தொட்டாலும் இன்னொருவர் வந்து நிற்கிறார். அவர்தான் எஸ்.எஸ். ராமசாமி படையாட்சியார். 1952இல் இருவரும் ஒரே கட்சி. 1954இல் ஆளுக்கொரு வழி. திண்டிவனம் தொகுதிக்கு ஒன்பது வருஷம் எம்.பி.யாக இருந்தவர் என்பதால் பெரியவரைப் பற்றியே எழுதுகிறேன். கோவிந்தசாமியும் நடுவில் வருவார்.

படையாட்சியார் பிறந்தது 1918 செப்டம்பர் 16. கடலூர்க்காரர். பெரிய படிப்பு என்று ஒன்றும் இல்லை. பள்ளிக்கூடப் படிப்போடு சரி. ஆனால் இளம் வயதிலேயே கடலூர் நகராட்சித் தலைவராகிவிட்டார். ஒன்றுபட்ட தென்னார்க்காட்டில் வன்னியர்கள் ஜனத்தொகையில் பெரிய பங்கு. நிலத்தில் உழைப்பவர்களும் அவர்கள்தான். ஆனால் காங்கிரஸ் டிக்கெட் கொடுக்கும்போது மட்டும் அந்தக் கணக்கு யாருக்கும் ஞாபகம் வராது. உத்தியோகத்திலும் அதே கதைதான். இதைச் சொல்லித்தான் வன்னியகுல க்ஷத்திரிய சங்கம் 1949இல் ஜில்லா போர்டு தேர்தலில் தனியாக இறங்கியது. தென்னார்க்காட்டில் 52 இடங்களில் 22 இடங்கள் கிடைத்தன. சுதந்திரம் வாங்கித் தந்த கட்சிக்கு எதிராக, அதுவும் இரண்டே வருஷத்தில்! சும்மா இல்லை.

அந்தத் தெம்பில் பிறந்ததுதான் தமிழ்நாடு உழைப்பாளர் கட்சி. சாதிப் பெயரை வைக்காமல் உழைப்பாளர் என்று வைத்ததில் ஒரு யோசனை இருந்தது. மற்ற ஏழை ஜாதிகளும் ஓட்டுப் போட வேண்டுமே! ஆனால் ஒற்றுமை மட்டும் முழுசாகக் கூடவில்லை. வடஆர்க்காட்டு வக்கீல் எம்.ஏ. மாணிக்கவேல் நாயக்கர் தனியாகக் காமன்வீல் கட்சி கண்டார். தெற்கே ஒரு கட்சி, வடக்கே ஒரு கட்சி.

1952 பொதுத் தேர்தல். வயது வந்த எல்லோருக்கும் ஓட்டு என்று ஆன பிறகு வந்த முதல் தேர்தல். உழைப்பாளர் கட்சிக்குச் சட்டசபையில் 19 இடங்கள், பார்லிமெண்டில் 4. காமன்வீலுக்குச் சட்டசபையில் 6, பார்லிமெண்டில் 3. திண்டிவனம் அப்போது இரட்டை உறுப்பினர் பார்லிமெண்ட் தொகுதி. இரண்டு இடத்தையுமே உழைப்பாளர் கட்சி பிடித்தது. வி. முனிசாமி, ஏ. ஜெயராமன் என்ற இருவர் டெல்லிக்குப் போனார்கள். அதாவது படையாட்சியாரே எம்.பி.யாக நிற்பதற்கு 28 வருஷம் முன்பே திண்டிவனம் அவர் கட்சிக்கு ஓட்டுப் போட்டுவிட்டது. அவர் கடலூரிலிருந்து எம்.எல்.ஏ. ஆனார்.

சென்னை மாகாணச் சட்டசபையில் மொத்தம் 375 பேர். காங்கிரசுக்கு 152தான். மெஜாரிட்டிக்கு 188 வேணும். ராஜாஜியை மேலவைக்கு நியமனம் செய்து முதல் மந்திரியாக்கினார்கள். அவர் ஆள் சேர்க்க ஆரம்பித்தார். மாணிக்கவேலர் ஆறு பேரோடு ஆதரவு தந்து மந்திரியானார். படையாட்சியார் அப்போது மந்திரிசபைக்குள் போகவில்லை. 1952 ஜூலை 3இல் நம்பிக்கை ஓட்டெடுப்பில் ராஜாஜி அரசுக்கு 200, எதிர்த்து 151.

ஆறு பேர் வைத்திருந்தவருக்கு மந்திரி பதவி, 19 பேர் வைத்திருந்தவருக்கு ஒன்றும் இல்லை. இதைப் பார்த்து ஊரில் என்னவெல்லாம் பேசியிருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். ஆனால் காத்திருந்ததில் ஒரு லாபமும் இருந்தது. 1953 அக்டோபர் 1இல் ஆந்திரா பிரிந்தது. அந்தப் பக்கத்து உறுப்பினர்கள் எழுந்து போனதும் சபை சுருங்கியது. ஆனால் 19 அப்படியே 19. எண்ணிக்கை கூடாமலே எடை கூடிவிட்டது. நடுவில் ராஜாஜியின் கல்வித் திட்டம் சந்தி சிரித்து, அவர் ராஜினாமா செய்து, 1954 ஏப்ரல் 13இல் காமராஜ் வந்தார். எட்டே பேர் கொண்ட மந்திரிசபை. அதில் மாணிக்கவேலரும் இருந்தார், படையாட்சியாரும் இருந்தார். எட்டில் இரண்டு பேர் வன்னியர்! அதற்கு முன் அப்படி ஒரு பங்கு கிடைத்ததில்லை. படையாட்சியாருக்குக் கொடுத்தது ஸ்தல ஸ்தாபன இலாகா. நகராட்சித் தலைவராக இருந்தவருக்குப் பொருத்தமானதுதான்.

விலை என்ன? கட்சி. காமன்வீல் காங்கிரசில் கரைந்தது. உழைப்பாளர் கட்சியும் கரைந்தது. காமராஜ் சண்டை போடாமல் உள்ளே இழுத்துக்கொண்டார்.

இங்கேதான் கோவிந்தசாமி வருகிறார். அவர் உழைப்பாளர் கட்சிச் சீட்டில் ஜெயித்த எம்.எல்.ஏ. தலைவர் காங்கிரசுக்குப் போனபோது அவர் போகவில்லை. அண்ணாவின் பக்கம் சாய்ந்தார். தி.மு.க. முதன்முதலாகத் தேர்தலில் இறங்கிய 1957இல் வளவனூரிலிருந்து ஜெயித்துச் சட்டசபைக்குப் போன 15 பேரில் அவர் ஒருவர். உதயசூரியன் சின்னமே அவர் வழியாக வந்ததுதான் என்று அந்தக் கட்சிக்காரர்களே சொல்வார்கள். 1967இல் அண்ணா மந்திரிசபையில் விவசாய மந்திரியானார். 1969இல் காலமானார்.

படையாட்சியாருக்கு அதே காலம் எப்படிப் போனது? 1957 தேர்தலுக்குப் பிறகு காமராஜ் அமைத்த மந்திரிசபையில் மாணிக்கவேலர் பெயர் இருந்தது, படையாட்சியார் பெயர் இல்லை. கையில் 19 பேர் இருந்தபோது மதிப்பு. கட்சியைக் கலைத்துவிட்ட பிறகு அவரும் நூறோடு நூற்றொன்று. உழைப்பாளர் கட்சி என்ற பெயர் பிறகும் தலைகாட்டியது. 1971இல் ஸ்தாபன காங்கிரஸ், சுதந்திராக் கட்சி அணியில் அதுவும் இருந்தது. அந்த அணியையே தி.மு.க. 184 இடங்களோடு அடித்துக்கொண்டு போய்விட்டது. 1952 திரும்பி வரவில்லை.

பெரியவர் சமூகத்தை மந்திரி பதவிக்கு விற்றுவிட்டார் என்று சிலர் சுலபமாகச் சொல்லிவிடுவார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. வெளியே நின்று கோஷம் போட்டால் டெண்டர் வராது, பள்ளிக்கூடம் வராது, உத்தியோகம் வராது. அன்றைக்கு ஆட்சியில் பங்கு கேட்பதுதான் கட்சி தொடங்கியதன் நோக்கமே. அதை வாங்கியும் காட்டினார். ஆனால் வாங்கினதைக் காப்பாற்றும் ஆயுதத்தையும் சேர்த்தே கொடுத்துவிட்டார் என்பதுதான் என் குறை.

பிறகு 1980 ஜனவரி. 61 வயதில் இந்திரா காங்கிரஸ் வேட்பாளராகத் திண்டிவனத்தில் நின்று ஜெயித்தார். அப்போது தி.மு.க. கூட்டணி. 1984 டிசம்பரில் மறுபடி அதே தொகுதி, அதே கை சின்னம். ஆனால் கூட்டணி அ.தி.மு.க.வோடு. இரண்டு முறையும் அந்தந்தக் கூட்டணிக்குத் தமிழ்நாட்டில் 39இல் 37. அலை இருந்தது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 1952இல் இரண்டு இடத்தையும் கொடுத்த ஊர் பழைய பெயரை மறக்கவில்லை என்பதும் உண்மை.

பார்லிமெண்டில் அவர் எப்படி ஓட்டளித்தார் என்று கேட்பவர்களுக்கு ஒரு விஷயம். லோக்சபாவில் பெரும்பாலான மசோதாக்கள் குரல் ஓட்டில்தான் போகும். யார் பெயரும் பதிவாகாது. டிவிஷன் கேட்டால்தான் கணக்கு, அதிலும் கட்சிக் கொறடா சொன்னபடிதான். அவர் உறுப்பினராக இருந்த அந்தச் சபைதான் 1985 ஜனவரியில் கட்சித் தாவல் தடைச் சட்டத்தை, 52ஆவது அரசியல் சட்டத் திருத்தத்தை, எதிர்ப்பே இல்லாமல் நிறைவேற்றியது. விதியின் வேடிக்கையைப் பாருங்கள். அந்தச் சட்டப்படி மூன்றில் இரண்டு பங்கு உறுப்பினர்கள் சம்மதித்தால் ஒரு கட்சி இன்னொன்றோடு இணையலாம், பதவி போகாது. இணைய மறுத்துத் தனியாக நிற்பவருக்கும் பதவி போகாது. 1954இல் படையாட்சியார் செய்ததற்கும் அதில் இடம் உண்டு, கோவிந்தசாமி செய்ததற்கும் இடம் உண்டு.

ஆனால் அவர் எம்.பி.யாக இருந்தபோதே தரை நகர்ந்துகொண்டிருந்தது. அவர் முதன்முறை ஜெயித்த அதே 1980இல்தான் திண்டிவனத்தில் வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்த டாக்டர் ராமதாஸ் வன்னியர் சங்கத்தைத் தொடங்கினார். மாநிலத்தில் 20 சதவீதம், மத்தியில் 2 சதவீதம் இட ஒதுக்கீடு என்பது கோரிக்கை. 1987 செப்டம்பர் 17 முதல் ஒரு வாரம் சாலை மறியல். நம்மில் அந்த வாரம் பஸ் கிடைக்காமல் மாட்டிக்கொண்டவர்கள் நிறையப் பேர் இருப்பீர்கள். விழுப்புரம் பக்கத்துக் கிராமங்கள் பட்ட பாட்டைச் சொல்லி மாளாது. 21 பேர் உயிரிழந்தார்கள். 1989இல் கருணாநிதி அரசு மிகவும் பிற்படுத்தப்பட்டோர் என்று தனிப் பட்டியல் போட்டு, 108 சாதிகளுக்கு 20 சதவீதம் ஒதுக்கியது.

கொஞ்சம் கசப்பான உண்மைதான். 1949இல் எந்தக் கோரிக்கைக்காகப் படையாட்சியார் கிளம்பினாரோ அது 40 வருஷம் கழித்து நிறைவேறியபோது ஜனங்கள் வேறொரு தலைவர் பின்னால் நின்றிருந்தார்கள். சட்டசபை எண்ணிக்கையை வைத்து அவர் பேரம் பேசினார். அடுத்து வந்தவர்கள் ரோட்டை வைத்துப் பேசினார்கள். இரண்டுக்கும் இடையே இருந்த அந்த நீண்ட காலத்தில் அவரால் என்ன செய்திருக்க முடியும் என்று யோசித்தால் விடை சுலபமாக வரவில்லை.

1989 தேர்தலில் திண்டிவனம் தொகுதியில் ஆர். ராமதாஸ் என்ற காங்கிரஸ்காரர் ஜெயித்தார். பெயரைப் பார்த்துக் குழம்ப வேண்டாம், அவர் தைலாபுரத்து டாக்டர் இல்லை. படையாட்சியார் 1992 ஏப்ரல் 3இல் காலமானார்.

அவருக்கு மரியாதை ரொம்பத் தாமதமாகத்தான் வந்தது. 2019 ஜூலையில் சட்டசபையில் அவர் படம் திறந்தார்கள். அதே வருஷம் நவம்பரில் கடலூர் மஞ்சக்குப்பத்தில் மணிமண்டபம். கோவிந்தசாமிக்கும், 1987இல் இறந்த அந்த 21 பேருக்கும் விழுப்புரத்தில் நினைவிடங்கள் திறந்தது 2025 ஜனவரியில். அவர் இரண்டு முறை ஜெயித்த திண்டிவனம் லோக்சபா தொகுதி மட்டும் இப்போது இல்லை. தொகுதி மறுசீரமைப்பில் 2009 தேர்தலோடு அந்தப் பெயரே போய்விட்டது. திண்டிவனத்துக்காரர்கள் விழுப்புரம் தனித் தொகுதிக்கும், செஞ்சி, மயிலம் பக்கத்துக்காரர்கள் ஆரணிக்கும் ஓட்டுப் போடுகிறார்கள்.