பழனி ரோட்டில் ஒரே ஒரு பஸ்

திண்டுக்கல்லில் இருந்து பழனிக்குப் பஸ்ஸில் போயிருக்கீங்களா? கடைசி சீட்டில் உட்கார்ந்து போயிருந்தால் சஸ்பென்ஷன் என்றால் என்ன என்று உங்களுக்குப் புதுசா பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு பள்ளமும் முதுகெலும்பில் ரீடிங் காட்டும்.

அதே பழனிக்கு, மேற்குப் பக்கம் பொள்ளாச்சியில் இருந்து, 1920-ல் ஒருத்தர் ஒரே ஒரு பஸ்ஸை வைத்துக்கொண்டு சர்வீஸ் ஆரம்பித்தார். ஓட்டியதும் அவரேதான். பொள்ளாச்சியில் இருந்து பழனி வழியாகத் திண்டுக்கல்லுக்கு ரயில் வந்ததே 1928-ல். அதுக்கு முன்னாடி அந்தப் பாதையில் மாட்டு வண்டியும் நடையும்தான். அந்த பஸ்காரர் பெயர் கோபாலசாமி துரைசாமி நாயுடு. நமக்கெல்லாம் ஜி.டி.நாயுடு.

1893 மார்ச் 23 அன்று கோயம்புத்தூர் பக்கம் கலங்கல் கிராமத்தில் பிறந்தார். சின்ன வயசிலேயே அம்மா இறந்துவிட்டார். பள்ளிக்கூடம் அவருக்கு ஒட்டவே இல்லை. வாத்தியார் கண்ணில் மண்ணைத் தூவிவிட்டு ஓடினார் என்று ஒரு கதை இன்னைக்கும் ஊரில் சொல்வார்கள். தொடக்கப் பள்ளியோடு படிப்பு முடிந்தது. தோட்ட வேலைதான் கதி என்று இருந்தவர் கண்ணில் ஒரு நாள் ஒரு வெள்ளைக்கார அதிகாரியின் ரட்ஜ் மோட்டார் சைக்கிள் பட்டது. மாடு இல்லை, குதிரை இல்லை, வண்டி மட்டும் தானாக ஓடுது. அது எப்படி ஓடுது என்று தெரிந்தே ஆகணும்.

கோயம்புத்தூருக்குப் போய் ஒரு ஹோட்டலில் சர்வர் வேலைக்குச் சேர்ந்தார். சில வருஷம் காசு சேர்த்து, 300 ரூபாய்க்கு அந்த வண்டியையே வாங்கினார். வாங்கினதும் ஊரைச் சுற்றி வரவில்லை. நட்டு நட்டாகக் கழட்டித் தரையில் பரப்பினார், திரும்ப மாட்டினார். மறுபடி கழட்டினார். அவருடைய முதல் செமஸ்டர் அதுதான். சிலபஸ் கிடையாது, இன்டர்னல் மார்க் கிடையாது. மாட்டி முடித்த பிறகு வண்டி ஸ்டார்ட் ஆகணும், அவ்வளவுதான் பரீட்சை.

நடுவில் திருப்பூரில் பருத்தி வியாபாரம் செய்து நல்ல பணம் பார்த்தார். பம்பாய்க்குப் போய் அத்தனையையும் பஞ்சு வியாபாரத்திலேயே விட்டுவிட்டுத் திரும்பினார். அப்புறம் கோவைத் தொழிலதிபர் ராபர்ட் ஸ்டேன்ஸின் உதவியோடு வந்ததுதான் அந்தப் பழனி பஸ். அந்த ஒரு பஸ் வளர்ந்து யுனிவர்சல் மோட்டார் சர்வீஸ், சுருக்கமாக யூ.எம்.எஸ். ஆனது. 1933-க்குள் 280 பஸ்.

280 பஸ் என்றால் என்ன அர்த்தம் என்று மெக்கானிக்கல் பசங்க கொஞ்சம் யோசிங்க. அந்தக் காலத்து பஸ் என்பது லாரி மாதிரி ஒரு ஏணிச் சட்டம், குறுக்கே கட்டையான ஆக்ஸில், நடுவில் பட்டை பட்டையாக அடுக்கின லீஃப் ஸ்பிரிங். மண் ரோட்டில் தினமும் அடி வாங்கினால் முதலில் புஷ் தேயும், ஷேக்கிள் பின் ஆடும், யூ-போல்ட் தளரும், கடைசியில் மெயின் லீஃபே ஒடியும். ஷெட்டில் கழட்டி மாட்டத் தெரிந்த ஆள் இல்லை என்றால் காலை ட்ரிப் கிடையாது.

நம்ம ஆட்கள் பழைய பிக்கப்பை வாங்கி இறக்கிக் கட்ட ஆசைப்படுகிறார்களே, அதிலும் இதே சட்டம், இதே பட்டைதான். உயரம் குறையணும்னு ரெண்டு பட்டையை உருவிவிட்டால் வண்டி இறங்கும், உண்மைதான். ஆனால் ஸ்பிரிங்கின் விறைப்பும் சேர்ந்து போய்விடும். லோடு ஏற்றினால் ஆக்ஸில் போய் சட்டத்தில் முட்டும். ஸ்பிரிங்குக்குக் கீழே இருக்கும் ஆக்ஸிலை மேலே மாற்றி உட்கார வைத்தால் விறைப்பு குறையாமலே வண்டி இறங்கும். ஆனால் ஆக்ஸில் மேலே வர இடம் வேணும். அதுக்குச் சட்டத்தில் அரைவட்டமாக வெட்டி, வெட்டின இடத்தைப் பலப்படுத்தணும். ஷாக் அப்சார்பர் நீளத்தை மாற்றணும், ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் கோணத்தைப் பார்க்கணும். ரோட்டில் ஓட்டுவதென்றால் மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவையும் படிக்கணும். ஒன்றைத் தொட்டால் நாலு அசையும். முழுசாக ஒரு தடவை கழட்டிப் பார்த்தவனுக்கு அந்த நாலும் முன்கூட்டியே தெரியும்.

நாயுடுவுக்குத் தெரிந்தது அதுதான். பஸ்ஸோடு அவர் நிற்கவும் இல்லை. ரஸாண்ட் என்ற எலெக்ட்ரிக் ரேசர், மெல்லிய ஷேவிங் பிளேடு, பழச்சாறு பிழியும் கருவி, மண்ணெண்ணெயில் சுற்றும் ஃபேன், ஓட்டுப் பதிவு இயந்திரம் என்று பட்டியல் நீளும். 1937-ல் பாலசுந்தரம் நாயுடுவோடு சேர்ந்து இந்தியாவில் தயாரான முதல் எலெக்ட்ரிக் மோட்டாரைக் கொண்டுவந்தார். 1952-ல் 2000 ரூபாய்க்கு ரெண்டு பேர் போகிற கார் தயாரிக்க முன்வந்தார். அரசு லைசென்ஸ் கொடுக்கவில்லை.

இனி வருவது நேரா நமக்கு. 1945-ல் கோவையில் ஆர்தர் ஹோப் பாலிடெக்னிக்கும் பொறியியல் கல்லூரியும் தொடங்க இவர்தான் முன்னின்றார். முதல்வராகவும் இருந்தார். மூணாங்கிளாஸ் தாண்டாத ஆள், பொறியியல் கல்லூரி பிரின்சிபால்! பொறியியலுக்கு நாலு வருஷம் வீண், ரெண்டு வருஷம் போதும் என்பது அவருடைய கட்சி. மிச்ச நேரத்தைப் பட்டறையில் செலவு பண்ணட்டும் என்று நினைத்தார். அரசு ஒத்துக்கொள்ளவில்லை. அவர் பதவியை விட்டு விலகினார்.

அவர் பக்கம் மட்டும்தான் நியாயமா? அப்படி அடித்துச் சொல்ல முடியாது. ஒரு பட்டையின் தடிமனை ரெண்டு மடங்காக்கினால் விறைப்பு எட்டு மடங்கு ஏறும். இதை ஸ்பேனர் சொல்லித் தராது, கணக்குதான் சொல்லும். நாலாவது செமஸ்டர் பாடம் சும்மா இல்லை. ஆனால் அந்தக் கணக்கை மூணு தடவை எழுதிப் பாஸ் ஆகிவிட்டு, ஒரு யூ-போல்ட்டைக் கையில் தொடாமலே டிகிரி வாங்குகிறவர்கள் நம்ம கிளாஸிலேயே இருக்காங்க. நாயுடு பயந்தது இதைப் பார்த்துத்தான்.

1974 ஜனவரி 4 அன்று, எண்பது வயதில் அவர் காலமானார். அவர் தொடங்கிய கல்லூரி இன்னைக்குத் தடாகம் ரோட்டில் அரசு தொழில்நுட்பக் கல்லூரியாக இருக்கு. அவினாசி ரோட்டில் பஸ் ஸ்டாப்புக்கு மட்டும் ஹோப் காலேஜ் என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. அவர் தோற்ற வாதத்தின்படிதான் நாம நாலு வருஷம் படிக்கிறோம். அதில் ரெண்டு வருஷம் அவர் கணக்குப்படி உபரி. செம் லீவில் ஏதாவது ஒரு பட்டறையில் போய் நில்லுங்க. ஒரு லீஃப் செட்டைக் கழட்டி, எண்ணி, துடைத்து, திரும்ப மாட்டுங்க. வண்டி நேரா ஓடினால் நாயுடு பேப்பரில் பாஸ்.